இரண்டு தீவும் ஒரு வெண்கலப் பானையும்

கொத்தமங்கலத்தில் சுதந்திரத்தைப் பற்றிப் பேச ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவர் பெயர் தண்டாயுதபாணி. வேறு யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால், தன் கொல்லையில் அடுத்தவன் மாங்காய் பறிக்கிற மாதிரி அவருக்கு முகம் சுருங்கிப்போகும். ஆகஸ்ட் பதினைந்தன்று தெருமுனையில் கொடியேற்றிவிட்டு முக்கால் மணி நேரம் பேசுவார். மிட்டாய்த் தட்டை ஏந்தியபடி பக்கத்தில் நிற்பது அவருடைய மருமகள் கிருத்திகா. பேச்சு முடிகிற வரை தட்டை இறக்கக்கூடாது. போன வருஷம் பேச்சு முடிவதற்குள் மிட்டாயெல்லாம் வெயிலில் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது.

இத்தனை பெரிய சுதந்திர வீரரின் வீட்டில் அவள் ஆறு வருஷமாக இருக்கிறாள். குழம்புக்கு எவ்வளவு புளி கரைப்பது என்பதற்குக்கூட அவளுக்கு அங்கே அதிகாரம் கிடையாது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, செத்தவர்களின் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். அந்த முப்பத்து மூன்று வருஷத்தில் மேலதிகாரி முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. ரிட்டயர் ஆன மறுவாரம் அவருக்குள் ஒரு சிந்தனையாளர் விழித்துக்கொண்டார். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சிமெண்ட் கடைக்கு மேலே உள்ள ஹாலில் ‘மாலைச் சிந்தனை வட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடும். பத்துப் பேர் வருவார்கள். அதில் ஆறு பேர் வடைக்கு வருகிறவர்கள்.

அவருக்கென்று ஒரு தனித் தலைப்பு இருந்தது. மொரிஷியஸ், ரீயூனியன் என்று இந்தியப் பெருங்கடலில் இரண்டு தீவுகள். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு அவிழ்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். இரண்டிலும் கரும்பு. இரண்டுக்கும் நம்ம சனத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் வெட்ட விட்டார்கள். மொரிஷியஸ் அறுபத்தெட்டில் இங்கிலாந்துக்காரனிடமிருந்து சுதந்திரம் வாங்கிக்கொண்டது. ரீயூனியன் இன்றைக்கும் பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி, யூரோவைச் செலவழித்துக்கொண்டு இருக்கிறது. இதுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினார் மனுஷன். இவர் மொரிஷியஸுக்குப் போனது ஒரே ஒரு தடவை, ஆபீஸ் நண்பர்களோடு ஏழு நாள் டூர். ரீயூனியனை மேப்பில் பார்த்ததோடு சரி. டூரிலிருந்து கொண்டுவந்த ஒரு மொரிஷியஸ் ரூபாய் நோட்டை லேமினேட் பண்ணி வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. எல்லாக் கூட்டத்திலும் அது கை மாறி வரும். பார்க்காமல் பக்கத்து ஆளிடம் கொடுக்கவும் எல்லாருக்கும் பழகிவிட்டது.

“ஒருத்தன் நிமிந்து நின்னான். இன்னொருத்தன் தட்டை ஏந்திக்கிட்டு நிக்கிறான்” என்பார். கிருத்திகாவுக்கு அப்போதெல்லாம் மிட்டாய்த் தட்டு ஞாபகம் வரும்.

அந்தப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவனையும் பெண்டாட்டியையும் ‘வேறு வைப்பார்கள்’. வீட்டைவிட்டு அனுப்புவதல்ல. அதே வீடு, அதே வாசல், அதே வளவு முற்றம். ஆனால் அவர்களுக்கென்று ஓர் அடுப்பு, ஒரு சாமான் அறை, ஒரு சாவி. ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளியை மாமியார் அளந்து கொடுப்பாள். நல்ல நாள் பார்த்து மருமகள் தன் அடுப்பில் பால் காய்ச்சுவாள். அன்றையிலிருந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாமனாரே வந்து அந்த அடுப்பில் சாப்பிட்டாலும் அவர் விருந்தாளிதான்.

தண்டாயுதபாணிக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் முருகப்பனைக் கல்யாணமான பத்தாம் மாதமே வேறு வைத்தாயிற்று. அவன் சென்னைக்குப் போய்விட்டான். அவன் அடுப்பு பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு வந்தால் அவன் பெண்டாட்டி பூட்டைத் திறந்து, அடுப்போடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து சாப்பிடுவாள். போகும்போது வத்தல், வடகம், ஊறுகாய் எல்லாம் பெட்டி பெட்டியாகக் காரில் ஏறும். சுதந்திரம் வாங்கின நாடு அது. கருவடகம் மட்டும் இறக்குமதி.

இளையவன் அக்ஷய். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். இவனையும் கிருத்திகாவையும் வேறு வைக்கிற பேச்சு ஆறு வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதல் வருஷம் மாமியார் மீனாளுக்கு முட்டியில் ஆபரேஷன். அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அப்புறம் நாள் சரியில்லை, மாதம் சரியில்லை. காரணமெல்லாம் தீர்ந்துபோன பிறகு, “குடுக்கிறதுக்கு என்ன, இன்னைக்கே குடுத்துறலாம். தாங்குற பக்குவம் வரணும்ல?” என்று ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் சொன்னது மாதிரியே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் பேச்சைத் தானே கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

உண்மைக் காரணம் வேறு. வீட்டில் பாதியை வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு விட்டிருந்தார்கள். கிருத்திகா புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். பிரெஞ்சுக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது, அவர்களுக்கு ஆக்குவது, அவர்கள் வயிறு கெட்டால் கஞ்சி வைப்பது எல்லாம் அவள்தான். பெண் பார்க்க வந்தபோது அவர் ஜாதகத்தைவிட மார்க் ஷீட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார் என்று மீனாளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். இவளை வேறு வைத்துவிட்டால் எல்லாருக்கும் பொதுவான பெரிய அடுப்பில் யார் நிற்பது?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அந்தக் கண்ணாடிப் பெட்டி.

கல்யாணத்தின்போது அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட சாமான்கள் எல்லாவற்றிலும் ‘கிருத்திகா’ என்று பெயர் வெட்டியிருந்தது. வேறு வைக்கிற அன்றைக்குப் புழக்கத்துக்கு எடுப்பதற்காகப் பூட்டி வைத்தவை. மூன்றாவது வருஷம் தண்டாயுதபாணிக்கு ஒரு யோசனை வந்தது. வெண்கலப் பானை, பித்தளை அண்டா, கரண்டிகள், இட்லிக் கொப்பரை என்று நல்லதாகப் பார்த்து எடுத்துக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே அடுக்கி, விளக்குப் போட்டுவிட்டார். ‘செட்டிநாட்டு மணமகளின் சீர்ப் பாத்திரங்கள்’ என்று இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் ஓர் அட்டை. அந்தப் பிரெஞ்சு அட்டையை எழுதினது யார் என்கிறீர்கள்? அவளேதான். எழுதச் சொன்னார், எழுதினாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, “இதெல்லாம் அந்தக் காலத்து மணப்பெண்கள் கொண்டுவந்தவை” என்று தன் பானையைத் தானே காட்டித் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பெட்டிச் சாவி மாமனாரின் இடுப்பில். சாமான் அறைச் சாவியும் அங்கேதான்.

அக்ஷயிடம் சொன்னால், “அப்பச்சிகிட்ட நான் பேசுறேன்” என்பான், அப்பாவைச் சொல்கிறான். ரொம்ப நல்லவன். எதற்கும் உதவாத நல்லவன்.

இந்த வருஷம் பழனிப் பூசத்துக்கு வந்துவிட்டு, அப்படியே மூன்று நாள் தங்க ஓர் அம்மாள் வந்தாள். பெயர் ஜோசியான் வேலாயுதம். ஐம்பது வயது, நர்ஸ். ஊர் ரீயூனியன். கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தினவர் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறினவராம். தமிழில் அவளுக்குத் தெரிந்தது ‘அரோகரா’ ஒன்றுதான்.

ரீயூனியன் என்று கேட்டதும் தண்டாயுதபாணி துள்ளிவிட்டார். பத்து வருஷமாக மேப்பில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்த தீவு இட்லி சாப்பிட நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விடுவாரா?

“கேளுத்தா கிருத்திகா, இன்னமும் அடிமையா இருக்கோமேன்னு இவுகளுக்கு வருத்தமா இல்லையாமா?” என்றார், அந்த அம்மாள் இரண்டாவது வாய் எடுத்து வைப்பதற்குள்.

“மாமா, சாப்பிட்டுக்கிட்டு இருக்காக.”

“அதுனால என்ன? கேளு.”

கிருத்திகா ஜோசியான் பக்கம் திரும்பி, “சட்னி காரமாக இருக்கிறதா என்று கேட்கிறார்” என்றாள் பிரெஞ்சில். இல்லை, நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

“பாத்தியா, சிரிக்கிறாக! வருத்தமே இல்ல. ரத்தத்துலயே ஊறிப்போச்சு” என்று இவர் தொடையில் தட்டிக்கொண்டார். அங்கேயே, அப்போதே முடிவு செய்துவிட்டார்: சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போவது, பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு தீவையும் ஒரு பிடி பிடிப்பது.

அன்று மத்தியானம் ஜோசியானுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள் கிருத்திகா. வீட்டின் பின்புறம், மூன்றாங்கட்டில் வரிசையாக ஐந்து அடுப்புகள் இருப்பதைப் பார்த்து ஒரு வீட்டுக்கு எதற்கு ஐந்து என்று அவள் கேட்டாள். வேறு வைக்கிற வழக்கத்தைச் சொன்னாள் கிருத்திகா. அந்த அம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வோர் அடுப்பாக யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

“உன்னுடையது எது?”

ஐந்தாவது அடுப்பின் மேல் பழைய பெயின்ட் டப்பாக்களும் ஒடிந்த குடையும் கிடந்தன. கிருத்திகா அதைக் காட்டவில்லை. “எனக்கு இன்னும் இல்லை” என்றாள்.

“அப்படியானால் பெரிய அடுப்பில் நீயும் பங்கா? என்ன சமைப்பது என்று நீ சொல்லலாமா?”

“இல்லை.”

ஜோசியான் கூடத்துக்கு வந்ததும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள். கிருத்திகா வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் காலத்து மணப்பெண்கள் என்று தொடங்கும்போதே ஜோசியான் கண்ணாடியில் விரலை வைத்து, பானையின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி, இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நூற்றுக்கணக்கான பேர் அந்தப் பெட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

“என் பெயர்” என்றாள் கிருத்திகா. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சீ, வெளிநாட்டுக்காரி முன்னாலா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூட்டம். அன்றைக்கு வழக்கத்தைவிட நாலு பேர் கூட வந்திருந்தார்கள். வெளிநாட்டு அம்மாள் வருகிறாள் என்று வடையோடு கேசரியும் உண்டென்று செய்தி பரவியிருந்தது. தண்டாயுதபாணி பட்டு வேட்டி, பட்டுச் சால்வையோடு மைக்கைப் பிடித்தார். பதினாலு பேருக்கு எதற்கு மைக் என்று கேட்காதீர்கள்.

“ஒரே கடல்! ஒரே கரும்பு! ஒரே சனம்!” என்று ஆரம்பித்தார். “ஒருத்தன் அறுபத்தெட்டுல, போதும்டா உன் சோறுன்னு எந்திரிச்சான். இந்தா, ரூவா நோட்டுல தமிழ் எழுத்து! இன்னொருத்தன் பாரிஸ்காரன் போடுறதைத் தின்னுட்டு இன்னைக்கும் உக்காந்திருக்கான். ஏன்? பயம்! பழக்கம்!”

ஜோசியானின் காதோரம் கிருத்திகா எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சட்னி என்று மாற்றவில்லை. உள்ளது உள்ளபடியே சொன்னாள். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்டாயுதபாணிக்குக் குரல் ஏறியது. “கேட்டுக்கிடுங்க! சுதந்திரம்ங்கிறது ஒருத்தன் குடுத்து ஒருத்தன் வாங்குறது இல்ல. நாள் வரட்டும், பக்குவம் வரட்டும், அப்புறம் குடுக்கிறேன்னு ஒருத்தன் சொல்றான் பாருங்க, அவன் செத்தாலும் குடுக்க மாட்டான். நாமளாப் போயி எடுத்துக்கிடணும்!”

கை தட்டினார்கள். கிருத்திகா அதையும் மொழிபெயர்த்தாள். ஜோசியான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, “இவரா சொன்னார்?” என்றாள்.

“வார்த்தைக்கு வார்த்தை.”

அப்போது கல்லலிலிருந்து வருகிற நாகநாதன் எழுந்தார். வயல் வேலை முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து வருகிற சம்சாரி. வடைக்காகவே வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். “ஏங்க, நீங்களே பேசிக்கிட்டு இருந்தா எப்புடி? அந்தம்மா இங்கதானே உக்காந்திருக்காக. அவுகளைக் கேளுங்க” என்றார்.

தண்டாயுதபாணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மைக் கை மாறி அந்த அம்மாளிடம் போய்விட்டது.

ஜோசியான் எழுந்து மெதுவாகப் பேசினாள். கிருத்திகா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். “எங்கள் பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. நாற்பத்தாறில் அவர்களே போய்க் கேட்டார்கள், எங்களைக் காலனியாக வைக்காதே, சரி பங்காளியாக ஆக்கு என்று. தாளில் அன்றைக்கே எழுதிவிட்டார்கள். ஆனால் பிரான்ஸில் கொடுக்கிற அடிப்படைக் கூலியை எங்களுக்கும் கொடுக்க ஐம்பது வருஷம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் தெருவில் இறங்கினோம். இன்றைக்கும் எங்கள் விஷயத்தை எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். தீவில் வேலை இல்லாமல் என் பிள்ளைகள் இரண்டும் பிரான்ஸில் இருக்கின்றன.”

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “என் அக்காளை மொரிஷியஸில் கொடுத்திருக்கிறது. சுதந்திரம் வேண்டுமா என்ற தேர்தலில் அங்கே நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம் என்ற பக்கம் ஓட்டுப் போட்டார்கள். பயந்து ஊரைவிட்டே போனவர்கள் எத்தனையோ பேர். இந்த ஐயா அதைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவர்களுடைய சண்டை அவர்களுடையது. பூசத்துக்கு அவர்களுக்கு அரசாங்க விடுமுறை. நான் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் பிரான்ஸில் வேலைக்குப் போக அக்காள் மகன் இரண்டு வருஷம் அலைந்தான். என் மகன் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அக்காளின் தீவு தனி அடுப்பு வைத்துக்கொண்டது. நாங்கள் பெரிய பானையில் பங்கு கேட்டோம். இரண்டிலும் சண்டை உண்டு, இரண்டிலும் சோறு உண்டு.”

அடுத்ததைச் சொல்லிவிட்டு ஜோசியான் கிருத்திகாவையே பார்த்தாள். கிருத்திகா மாமனார் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நாகநாதன், “சொல்லுங்கத்தா, என்ன சொல்றாக?” என்றார்.

“தனி அடுப்பும் கிடையாது, பானையில் பங்கும் கிடையாது என்று யாரையாவது வைத்திருந்தால், அதற்குத்தான் காலனி என்று பெயர். இப்படிச் சொல்கிறார்கள்.”

முதலில் கை தட்டினது யார் தெரியுமா? தண்டாயுதபாணி. எழுந்து நின்று தட்டினார். “அதைத்தானே நானும் பத்து வருசமாச் சொல்றேன்!” என்றார். உறைத்தால்தானே? எருமைத் தோல். பக்கத்தில் நின்ற கிருத்திகாவுக்கு அன்று வரை மாமனார் மேல் ஒரு பயம் இருந்தது. அந்தக் கைதட்டலோடு அது போய்விட்டது. இத்தனை நாளும் இந்த ஆளுக்கா பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஜோசியான் மதுரைக்குக் கார் ஏறினாள். கார் திரும்பி மறைந்ததும் கிருத்திகா கூடத்துக்கு வந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தண்டாயுதபாணியின் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சாமான் அறைச் சாவியை எங்கிட்டக் குடுத்து, பெரிய அடுப்புல எனக்கும் சரி பங்குன்னு சொல்லுங்க. இல்லாட்டி எங்களை வேறு வைங்க.”

அவர் பேப்பரை இறக்கவில்லை. “பாப்போம்த்தா. பங்குனி போகட்டும். அவசரப்பட்டு ஆகுற காரியமா இது? ஒரு பக்குவம் வரணும்ல” என்றார்.

நேற்று சாயந்தரம் மைக்கில் சொன்னது பதினைந்து மணி நேரம்கூட நிற்கவில்லை. கிருத்திகா நேரே அக்ஷயின் மேஜைக்குப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அவன் பதறிக்கொண்டு பின்னால் வந்தான். “கிருத்திகா, இரு, நான் அப்பச்சிகிட்டப் பேசுறேன்.”

“நீங்க பேச வேணாம். பானையைப் பிடிங்க” என்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்பக்கம்தான் பூட்டு. பின்பக்கம் வெறும் பலகை, ஆறு திருகாணி. மூன்று வருஷமாக அவள்தான் அதைத் தூசி தட்டுகிறாள், அவளுக்குத் தெரியாதா? பலகையைக் கழற்றி வெண்கலப் பானையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். ஆறு வருஷத்தில் அவன் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

ஐந்தாவது அடுப்பிலிருந்து டப்பாக்களை எடுத்து எறிந்து, கழுவி, கோலம் போட்டு, தீ மூட்டினாள். பால் பொங்கி வழிகிற நேரத்தில் தண்டாயுதபாணி வந்து சேர்ந்தார். வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“யாரையும் கேக்கல மாமா. போயி எடுத்துக்கிடணும்னு நீங்கதானே நேத்துச் சொன்னீக.”

“அது... அது தீவுக்குச் சொன்னது!”

அக்ஷய் சிரித்துவிட்டான். அவனுக்கே அது தாங்கவில்லை. தண்டாயுதபாணி அவனை முறைத்துவிட்டு, வேறு பிடி கிடைக்காமல், “நாளு பாத்தியா? இன்னைக்கு நவமி! நவமில யாராச்சும் அடுப்பு மூட்டுவாகளா? குடும்பம் வெளங்குமா?” என்று கத்தினார்.

அப்போது மீனாள் வந்தாள். ஆபரேஷன் பண்ணின காலை இழுத்து இழுத்து வந்தாள். கையில் மரக்கால் நிறைய அரிசி, மேலே ஒரு புளி உருண்டை. அடுப்புப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். புருஷன் பேசும்போது குறுக்கே பேசி அவளை யாரும் கேட்டதில்லை.

“என்னைக் கல்யாணமான எட்டாம் மாசம் வேறு வச்சாக” என்றாள் கிருத்திகாவிடம். “அதுவும் அவுகளா வைக்கல. இந்த மனுசன் மூணு நாளு சோறு திங்காமக் கெடந்து, அவுக அப்பச்சிகிட்டச் சண்டை போட்டு வாங்குனாரு. நாளு பாக்கக்கூட விடல. அன்னைக்கும் நவமிதான்.”

தண்டாயுதபாணி வாயைத் திறந்தார். சுதந்திரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிற வாய். காற்றுத்தான் வந்தது.

கிருத்திகா ஒரு டம்ளரில் பாலை ஊற்றி, உட்காருகிற மணைப் பலகையை எடுத்துப் போட்டாள். வாசலுக்கு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

“வாங்க மாமா. உக்காருங்க. பால் சாப்பிடுங்க.”

அவருடைய வீட்டில், அவருடைய மூன்றாங்கட்டில், அவரை ‘வாங்க’ என்கிறாள். அது அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உட்கார்ந்தார், குடித்தார், “சீனி பத்தல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கிருத்திகா கேட்கவில்லை.

மற்றச் சாமான்களையும் மறுநாள் அவள் எடுத்துக்கொண்டாள். பெட்டியை மட்டும் தண்டாயுதபாணி எடுக்க விடவில்லை. பானை திரும்பி வரும் என்று நினைத்தாரோ என்னவோ. விளக்கும் அட்டையும் அப்படியே இருந்தன. பெரிய அடுப்புக்குச் சாக்கோட்டையிலிருந்து ஒரு சமையல் அம்மாளை ஏற்பாடு செய்தார்கள். விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதை மட்டும் கிருத்திகா வைத்துக்கொண்டாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான், அதுவும் என் அடுப்பு வேலை முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் எட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். தண்டாயுதபாணியும் சால்வையோடு கூடவே நடந்தார். கூடத்தில் விளக்கு எரிகிற வெறும் பெட்டி முன்னால் எல்லாரும் நின்றார்கள். அட்டையைப் படித்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லையே என்று ஒருவர் கேட்டார். கிருத்திகா அதைத் தமிழில் மாமனாரிடம் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார். எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மருமக எடுத்துக்கிட்டா” என்றார்.

கூட்டாமல் குறைக்காமல் கிருத்திகா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். எந்த மருமகள் என்று கேட்டாள் ஒரு கிழவி. அதை அவள் மாமனாருக்கு மொழிபெயர்க்கவில்லை.

“நான்தான்” என்றாள்.